புதிய நாட்டில் குடியேறும்போது சங்கங்களை எதற்கு நம்புவது, தகவலுக்கு எங்கே போவது?

புதுக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வேலை காரணமாக நானும் என் துணைவியாரும் இன்னும் சில மாதங்களில் வேறொரு நாட்டில் குடியேற இருக்கிறோம். என் நிறுவனம் இடமாற்ற முகவர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் அவருடைய பணி, வீட்டு ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்திடுவதோடு முடிந்துவிடும் என்பது நிபந்தனைகளைப் படித்தபோது தெரிந்தது. தேடிப் பார்த்ததில், அந்த நகரத்தில் வெளிநாட்டவருக்கென்று கட்டணம் வாங்கும் சங்கம் ஒன்றும், எங்கள் நாட்டவர் நடத்தும் பண்பாட்டுச் சங்கம் ஒன்றும், எண்ணற்ற வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களும், இவை போக அந்நாட்டு அரசின் குடியேற்ற இணையதளமும் இருக்கின்றன. ஒரே கேள்வியை எல்லா இடங்களிலும் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

இவற்றுள் எதை எதற்காக நம்புவது? சங்கத்தில் சேர்வதாக இருந்தால் போனவுடன் சேர வேண்டுமா, கொஞ்சம் காலூன்றிய பிறகு சேர்ந்தால் போதுமா? நம் நாட்டவரோடு மட்டும் பழகினால் அங்கேயே தேங்கிவிடுவோம் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். அதிலும் உண்மை உண்டா? இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆவணப்பெட்டி

நண்பரே, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பழக மனிதர்கள் வேண்டும் என்பது ஒன்று. விதிமுறை தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. சங்கங்கள் முதலாவதை நன்றாகச் செய்கின்றன. இரண்டாவதையும் அவற்றிடமே ஒப்படைத்துவிடுவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம். நான் தகவல் பற்றி மட்டும் எழுதுகிறேன். சங்கங்களைப் பற்றி எழுத இங்கே வேறு பலர் இருக்கிறார்கள்.

குழுக்களில் கிடைக்கும் பதில்களில் அப்பட்டமான பொய் குறைவு. ஒரு காலத்தில், ஒருவருக்கு உண்மையாக இருந்தவையே அதிகம். சான்றிதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பட்டம் ஆகியவற்றை வேறொரு நாடு ஏற்க வேண்டுமானால், முன்பெல்லாம் பல அலுவலகங்களில் முத்திரை வாங்கி, கடைசியில் அந்நாட்டுத் தூதரகத்திலும் சான்றுறுதி பெற வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, உறுப்பு நாடுகளுக்கிடையே இந்தச் சங்கிலியை அப்போஸ்டில் என்னும் ஒற்றைச் சான்றாகச் சுருக்கியது. சீனாவில் இவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பரில்; கனடாவில் 2024 ஜனவரியில். ஆகவே இவ்விரு நாடுகளைப் பற்றி அதற்கு முன் எழுதப்பட்ட விளக்கங்கள், எவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்டிருந்தாலும், இன்று உங்களைத் தேவையில்லாமல் தூதரக வரிசையில் நிறுத்திவிடும். எழுதியவர் மீது குற்றமில்லை. பதிவில் தேதியைப் பார்க்காமல் படிப்பவர்தான் கவனிக்க வேண்டும். அப்போஸ்டில் வாங்கிவிட்டாலும் மொழிபெயர்ப்பு தனியாகத் தேவைப்படலாம் என்பதையும், அந்த மொழிபெயர்ப்பைச் செய்பவர் சேரும் நாட்டில் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று சில அலுவலகங்கள் வற்புறுத்தும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கூடுதல் நகல்களையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். வெளியில் இருந்துகொண்டு ஒரு பிறப்புச் சான்றின் புதுப் படியை வரவழைப்பது பெரும்பாடு.

அடுத்து, போய்ச் சேர்ந்ததும் தொடங்கும் கெடுக்கள். நெதர்லாந்தில் நான்கு மாதங்களுக்கு மேல் தங்குபவர் வந்த 5 நாட்களுக்குள் நகராட்சியில் பதிவுக்குச் செல்ல வேண்டும். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஜப்பானில் வசிப்பிடம் அமைந்த 14 நாட்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். முகவரிப் பதிவு இருக்கும் நாடுகளில் மற்றவை எல்லாம் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன. பதிவில்லாமல் அடையாள எண் இல்லை, எண் இல்லாமல் சம்பளம் முறையாகப் பிடித்தம் செய்யப்படாது, வங்கிக் கணக்கு இழுபடும், மருத்துவக் காப்பீடு தாமதமாகும். இதில் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் தேவைப்படும் நாடுகளும் உண்டு. குறுகிய காலத்துக்கு எடுக்கும் தற்காலிக அறைகளை நடத்துவோர் பலர் அதைத் தர மறுப்பார்கள். எனவே முகவர் பிடித்துத் தரும் முதல் தங்குமிடத்தில் முகவரியைப் பதிய முடியுமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தச் சங்கமும் அந்தக் கடிதத்தை உங்களுக்கு வாங்கித் தர முடியாது.

நடைபாதை

ஆவணப்பெட்டி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. நான் இரண்டாவது பாதியைப் பற்றி, அதாவது நம் நாட்டவரோடு மட்டும் பழகினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், அதை விரிவாக விளக்கியது 1954-இல் ரியோ டி ஜெனீரோவின் மகளிர் சங்கம் ஒன்றில் ஆற்றிய உரையில். 1960-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. எல்லாமே அழகாகத் தெரியும் தொடக்கம், பிறகு எரிச்சலும் பகையுணர்வும், பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் இயல்பாதல் என்று அவர் நான்கு கட்டங்களைச் சொன்னார். இரண்டாம் கட்டத்தில் இருப்பவர் தன் நாட்டவர் வட்டத்துக்குள் அடைக்கலம் புகுவதையும், அந்த வட்டத்தின் விருந்துகளில்தான் உள்ளூர் மக்களைப் பற்றிய மொத்தமான, கசப்பான முத்திரைகள் உருவாகின்றன என்பதையும் அவர் ஒரு சங்க மேடையில் நின்றுகொண்டே சொன்னார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நான் வசித்த நகரங்களில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் கூடுகிறார்கள். இந்த நாட்டு மருத்துவர்கள் எதற்கும் மாத்திரை எழுதித் தர மாட்டார்கள், இங்கே பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அலுவலகங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது என்ற மூன்று பல்லவிகள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. புதிதாக வந்தவர் தானாக ஓர் அண்டை வீட்டாரிடம் பேசிப் பார்ப்பதற்கு முன்பே, பேசிப் பயனில்லை என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். ஆகவே என் பரிந்துரை, முதல் ஆண்டில் தாய்நாட்டுச் சங்கத்திலிருந்து எட்டவே நில்லுங்கள் என்பதுதான்.

எதிர்க்கரை

நடைபாதை அவர்களே, ஓபெர்க்கைப் பாதி மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அதே உரையில், தடுமாறுபவர் தன் நாட்டவர் மீது சாய்வது இயல்பு என்றும், ஏற்கெனவே ஊன்றியவர்கள் பொறுமையோடும் பரிவோடும் அவரிடம் பேசுவது உதவும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

மேலும், முதலில் தேனிலவு, பிறகு வீழ்ச்சி என்ற அந்தப் படமே அனைவருக்கும் பொருந்துவதில்லை. 1955-இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வே நாட்டு உதவித்தொகையாளர் 200 பேரிடம் கேட்டு, 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்களே குறைவாகப் பொருந்தியிருந்தார்கள் என்று கண்டார். ஆனால் அவர் ஒரே மனிதரை மாதக்கணக்கில் பின்தொடரவில்லை. வெவ்வேறு காலம் தங்கியவர்களை ஒப்பிட்டார். நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியான ஆய்வில், துன்பம் மிகுந்திருந்தது வந்திறங்கிய தொடக்கத்தில்தான் என்று தெரிந்தது. அதாவது தேனிலவு என்று நாம் எண்ணும் அந்த முதல் வாரங்களில்தான் மனிதர் மிகவும் தனியாக இருக்கிறார். அந்த நேரத்தில் சொந்த மொழியில் பேச ஆளிருக்கும் ஒரே இடத்தைத் தவிர்க்கச் சொல்வது சரியான அறிவுரை அன்று.

புலம்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புலம்பல் தகவலும் ஆகும். மருத்துவர் மாத்திரை எழுதுவதில்லை என்ற புலம்பலைக் காதில் வாங்கிய புதியவர், குறைந்தபட்சம் அங்கே சிறப்பு மருத்துவரை நேரடியாகப் பார்க்க முடியாது, குடும்ப மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும் என்பதையாவது நோய் வருவதற்கு முன் தெரிந்துகொள்கிறார்.

நடைபாதை

அந்த 1998 ஆய்வை ஏற்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் விலகி நிற்கச் சொன்னது அதிகப்படிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அந்த முதல் வாரங்களின் ஊன்றுகோலைப் பிறகு கீழே வைத்தார்கள்? அதே நான்கு குடும்பங்களின் வீடுகளுக்குள்ளேயே வார இறுதிகள் கழிந்துவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உடன்வந்தவள்

இதுவரை எழுதியவர்கள் வேலைக்குப் போகிறவரின் நிலையிலிருந்தே எழுதியிருக்கிறீர்கள். புதுக்கரை அவர்களுக்கு அலுவலகம் என்று ஓர் இடம் முதல் நாளிலிருந்தே இருக்கும். காலையில் வணக்கம் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அவருடைய துணைவியாருக்கு அது இருக்காது. இந்த இழையில் அவரைப் பற்றித்தான் முதலில் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெளிநாடுவாழ் சங்கங்களின் வரலாற்றில் பெரும்பகுதி உடன்வந்த பெண்கள் கட்டியெழுப்பியதுதான். ஐரோப்பிய நகரங்களில் இருந்த அமெரிக்க மகளிர் சங்கங்கள் 1931-இல் ஃபாக்கோ என்ற கூட்டமைப்பாக இணைந்தன. குடியுரிமைச் சட்டம் தொடக்கத்திலிருந்தே அதன் அக்கறைகளுள் ஒன்று. தேநீருக்குக் கூடும் இடம் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்த இடங்களில், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை என்னவாகும் என்பது போன்ற கேள்விகள் பேசப்பட்டன.

என் அனுபவத்தில் பகல் நேரத்தில் கூடும் சங்கத்தைத் தேடுவதே முதல் வேலை. மாலைக் கூட்டங்கள் வேலைக்குச் செல்பவர்களுக்கானவை. அங்கே முதல் கேள்வியே நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதாக இருக்கும். பல நகரங்களின் பொது நூலகங்களில் வாரந்தோறும் பகலில் உரையாடல் வட்டங்கள் நடக்கின்றன. உள்ளூர் முதியவர்கள் தன்னார்வலர்களாக அமர்ந்து புதியவர்களோடு அந்நாட்டு மொழியில் பேசுவார்கள். நான் போன வட்டத்தில் ஒருநாள் ஒருவர் வரி அலுவலகத்திலிருந்து வந்த உறையை மேசை மேல் வைத்தார். எங்களில் நால்வர் அதைப் படித்து நால்வகையாகப் பொருள் சொன்னோம். அபராதம் என்றார் ஒருவர், வெறும் அறிவிப்பு என்றார் மற்றொருவர். ஓய்வுபெற்ற எழுத்தரான தன்னார்வலர் தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, அடியில் சிறிய எழுத்தில் இருந்த பத்தியின் கீழ் பென்சிலால் கோடிட்டார். ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை நாள் அவகாசம், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பது அங்கே இருந்தது. முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் படித்தது பின்பக்கத்தை. எந்த நாட்டு அலுவலகக் கடிதம் வந்தாலும் நான் இன்று முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.

புதுக்கரை அவர்களே, உங்கள் துணைவியாருக்கு அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா, அது அவருடைய அனுமதி அட்டையிலேயே குறிக்கப்பட்டிருக்குமா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். சில நாடுகளில் ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கும் வரம்பு உண்டு. அதைச் சங்கத்தில் கேட்காதீர்கள். அனுமதியை வழங்கும் அலுவலகத்திடம் கேளுங்கள்.

புதுக்கரை

அனைவருக்கும் நன்றி. உடன்வந்தவள் அவர்கள் எழுதியதை என் துணைவியாருக்குப் படித்துக் காட்டினேன். பகல் நேரச் சங்கங்களை அவரே தேடத் தொடங்கிவிட்டார். அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று உண்டு. வேலை தேடுவதற்குச் சங்கங்கள் உண்மையிலேயே உதவுமா? தொழில்முறைத் தொடர்புகள் என்று விளம்பரப்படுத்தும் கட்டணச் சங்கத்தில் சேர்வது பயன் தருமா?

மேசைவிளக்கு

உதவும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் ஆட்கள் மூலமாக அன்று. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பாஸ்டன் புறநகர் ஒன்றில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். அறிமுகம் வழியாக வேலை கண்டவர்களுள், அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காடு. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. நெருங்கிய வட்டத்தில் இருப்பவர்களுக்கு உங்களுக்குத் தெரிந்ததேதான் தெரியும். தூரத்து அறிமுகமே வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறது. நடைபாதைக்கும் எதிர்க்கரைக்கும் நடந்த வாதத்துக்கு இதில் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆறுதலுக்கு நெருங்கிய வட்டம் தேவை, வாய்ப்புக்குத் தொலைவான வட்டம் தேவை. ஒரே சங்கம் இரண்டையும் தருவது அபூர்வம்.

ஆகவே, வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடும் இடத்தை விட, ஏதாவது ஒரு வேலையைச் செய்யக் கூடும் இடத்தையே நான் பரிந்துரைப்பேன். 2007-இல் மியூனிக்கில் தொடங்கிய இன்டர்நேஷன்ஸ் போன்ற வலையமைப்புகள் உலகெங்கும் வெளிநாட்டவருக்கான சந்திப்புகளை நடத்துகின்றன. முதல் சில மாதங்களுக்கு அவை நல்லவை. ஆனால் அங்கே வருபவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். பழகிய முகங்கள் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருக்கும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சிச் சங்கத்தைப் பாருங்கள். 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. எந்த நகரத்துக்குப் போனாலும் கூட்டம் நடக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. புதியவருக்கும் முதல் கூட்டத்திலேயே நின்று பேச இரண்டு நிமிடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. கோலாலம்பூரில் வேலை செய்த பிரிட்டிஷ்காரர்கள் 1938-இல் தொடங்கிய ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஓட்டக் குழு உலகமெல்லாம் பரவியதற்கும், கூட ஓடுபவரிடம் பேச முன்னறிமுகம் தேவையில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். மது அதிகம் என்பது அதன் மீதான குறை. பிடிக்காதவர்களுக்கு நகரத்தின் சாதாரண ஓட்டக் குழுவே போதும்.

ரோட்டரி சங்கத்தின் பிறப்பும் குடிபெயர்ந்தவர் ஒருவரின் கதையே. சிறு ஊரில் வளர்ந்து சிகாகோவுக்கு வந்த வழக்கறிஞர் பால் ஹாரிஸ், தன் ஊரின் நட்பான சூழலைப் பெருநகரத்தில் மீண்டும் உருவாக்க விரும்பி, 1905 பிப்ரவரியில் மூன்று அறிமுகங்களோடு கூடினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. ஒவ்வொருவரின் வேலையிடத்தையும் மற்றவர்கள் நேரில் பார்க்கும் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய கட்டணச் சங்கங்கள் விடுதி மண்டபத்தில் பெயரட்டை குத்திக்கொண்டு நிற்க வைப்பதற்குப் பதிலாக இதைப் பின்பற்றலாம்.

செயலாளர்_ஒருவர்

நான் ஒரு வெளிநாடுவாழ் சங்கத்தின் செயலாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன். புதிதாக வருபவர்களுக்கான உதவி மேசையையும் கவனித்தேன். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சிலவற்றைச் சங்கங்கள் வெளியில் சொல்ல விரும்பமாட்டா.

சங்கங்கள் நடப்பது மூன்று நான்கு பேரின் உழைப்பில். அவர்கள் நாடு மாறினால் அடுத்த ஆண்டே இணையதளம் தூங்கிவிடும். ஆனால் பக்கங்கள் அழிக்கப்படாமல் அப்படியே நிற்கும். நீங்கள் தேடிக் கண்ட சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய முகப்புப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். கடந்த ஆண்டின் பொதுக்குழு நடந்ததா, வரவு செலவுக் கணக்கு உறுப்பினர்களுக்கு அளிக்கப்பட்டதா, அடுத்த நிகழ்ச்சிக்கு நாளும் இடமும் குறித்தாயிற்றா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, விருந்தினராக ஒரு கூட்டத்துக்கு வந்து பார்க்கக்கூட அனுமதிக்காத இடத்தையும் தவிர்த்துவிடலாம்.

இதைவிடக் கடுமையான பிரச்சினை, சங்கத்துக்குள் உலவும் ஆலோசகர்கள். எங்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்த ஒருவர், புதியவர் மேசையில் தானே முன்வந்து அமர்ந்து, விசா நீட்டிப்புக்கு உதவுவதாகச் சொல்லித் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். விண்ணப்பங்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அவரை நீக்கினோம், ஆனால் பணம் கொடுத்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. பல நாடுகளில் குடியேற்ற ஆலோசனை என்பது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி, தகுதியும் பதிவும் இல்லாதவர் குடியேற்ற ஆலோசனைத் தொழில் நடத்துவது குற்றம். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். எனவே ஒருவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், நம் மொழியே பேசினாலும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் தேடுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் கடவுச்சீட்டின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

கட்டணமில்லாத, பொறுப்புள்ள ஆலோசனை பல இடங்களில் இருக்கிறது. புதியவர்கள் அவற்றை அறியாமல் இருப்பதே வருத்தத்துக்குரியது. பிரிட்டனின் குடிமக்கள் ஆலோசனை அமைப்பு 1939-இல் போர் மூண்ட நாட்களில் தொடங்கி இன்றுவரை வீட்டு வாடகை, கடன், வேலை உரிமை பற்றி இலவசமாக வழிகாட்டுகிறது. ஜெர்மனியில் தொண்டு அமைப்புகள் அரசு நிதியில் குடியேறியோருக்கான ஆலோசனை மையங்களை நடத்துகின்றன. ஆஸ்திரேலியா 1973-இல் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. அங்கே மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ பேச வேண்டியிருந்தால் அரைகுறையாகத் தெரிந்த நண்பரை அழைத்துப் போக வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இடம்பெயரும் அதன் குடிமக்களுக்கு 2002 முதல் சால்விட் என்ற வலையமைப்பு இருக்கிறது. ஒரு நாட்டின் அலுவலகம் ஒன்றிய விதியைத் தவறாகப் பொருத்தினால், 10 வாரங்களுக்குள் தீர்வு காண்பதை இலக்காக வைத்து அது இலவசமாகத் தலையிடுகிறது.

சங்கத்தால் செய்ய முடிந்தது, இவற்றின் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவது. எங்கள் மேசையில் நாளடைவில் அதை மட்டுமே செய்தோம். கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, அந்தப் பதிலுக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயரையும், அங்கே என்ன தாள்களோடு போக வேண்டும் என்பதையும், முன்பதிவு காலையில் எந்த நேரத்தில் திறக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்தோம். கடைசியில் சொன்ன அந்தச் செய்தி எந்த அரசு இணையதளத்திலும் இருக்காது. அதுதான் சங்கத்தின் சொத்து.

கணக்கர்_மாலை

வரி பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாக ஒன்று. 183 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் வரி இல்லை என்பது எல்லா வெளிநாடுவாழ் குழுக்களிலும் வேதவாக்காக வலம் வருகிறது. பல நாடுகள் அந்த எண்ணைப் பயன்படுத்துவது உண்மைதான்; ஆனால் அது மட்டுமே அளவுகோல் அன்று. நிலையான வீடு, குடும்பம் இருக்கும் இடம், பொருளாதாரப் பிணைப்பு ஆகியவையும் பார்க்கப்படும். பிரிட்டனின் 2013 முதலான விதிகளில், முந்தைய ஆண்டுகளில் அங்கே வசித்து, போதிய பிணைப்புகளும் உள்ள ஒருவர் அந்த ஆண்டில் 16 நாட்கள் இருந்தாலே வரிவசிப்பாளராக, அதாவது வரிக் கணக்கில் அந்நாட்டில் வசிப்பவராக, கருதப்படக் கூடும். அமெரிக்கக் குடிமக்களோ எங்கே வசித்தாலும் வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடமையிலிருந்து பொதுவாக விடுபடுவதில்லை. ஆகவே இரு நாடுகளுக்குமிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ளதா என்று பார்த்து, குடிபெயரும் ஆண்டுக்கு மட்டுமாவது தகுதியுள்ள ஒரு கணக்காளரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். புறப்பட்ட நாள், சேர்ந்த நாள் ஆகியவற்றுக்கான பயணச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எதிர்க்கரை

தூதரகத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன்; அதன் மீது பொய்யான நம்பிக்கை வைப்பவர்கள் அதிகம். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தூதரக அதிகாரிகளின் கடமைகளை வரையறுக்கிறது. கடவுச்சீட்டைப் புதுப்பிப்பார்கள், காவலில் வைக்கப்பட்டவர் விரும்பினால் அச்செய்தி தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்கப்பட வேண்டும், அவர்கள் வந்து சந்திக்கலாம். ஆனால் வீட்டு உரிமையாளரோடு உங்களுக்குள்ள வழக்கில் அவர்கள் தலையிட மாட்டார்கள், வேலை வாங்கித் தர மாட்டார்கள், உள்ளூர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்ற மாட்டார்கள். போனவுடன் அவர்களுடைய பதிவேட்டில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பேரிடர் வந்தால் உங்களைத் தேட அவர்களுக்கு வழி அதுதான்.

புதுக்கரை

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. முகவரிப் பதிவு பற்றி இடமாற்ற முகவரிடம் கேட்டேன். முதலில் பிடித்திருந்த தற்காலிகத் தங்குமிடத்தில் பதிய முடியாது என்று ஒப்புக்கொண்டார். வேறு இடம் பார்த்துத் தருவதாக எழுதியிருக்கிறார். ஆவணப்பெட்டி அவர்களுக்குத் தனி நன்றி.

இறுதியாக ஒரு சிறு ஐயம். பண்பாட்டுச் சங்கத்தின் வரவேற்புக் கூட்டம் நாங்கள் போய்ச் சேரும் வாரத்திலேயே நடக்கிறது. கட்டணம் கட்டாமல் விருந்தினராகப் போவதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமா, நேரில் போய்ச் சொன்னால் போதுமா? போனால் அங்கே யாரிடம் பேச்சுக் கொடுப்பது?

செயலாளர்_ஒருவர்

முன்கூட்டியே எழுதுங்கள். இரண்டு வரி போதும். எந்த நாளில் வருகிறீர்கள், எத்தனை பேர், எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள் என்று குறிப்பிட்டால், அந்தப் பகுதியிலேயே வசிக்கும் உறுப்பினர் ஒருவரைச் செயலாளர் உங்களிடம் அழைத்து வருவார். கூட்டத்தில் மூத்த உறுப்பினர்களைத் தேடிப் போக வேண்டாம். அவர்கள் வந்த காலத்து விதிகள் வேறு. உங்களுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ முன்னால் வந்தவர்களை விசாரித்து அவர்களோடு அமருங்கள். நீங்கள் போக வேண்டிய வரிசைகளில் அவர்கள் அண்மையில்தான் நின்றிருப்பார்கள். உங்கள் துணைவியாரைத் தனியாக ஒருவருக்கு அறிமுகம் செய்யச் சொல்லி அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிறுவனத்தைப் பற்றிப் பேசியே மாலை முடிந்துவிடும்.